நனைத்தால் பச்சை

சமாயிலைத் தாண்டி, தார் முடிந்த பிறகு
ஒன்பது கிலோமீட்டர்.
வறண்ட ஆற்றை இங்கே வாதி என்கிறார்கள்,
யார்மேல் வழக்கோ.
எந்திரம் இரவிலும் நிற்பதில்லை.
மூன்று மீட்டருக்கு ஒருமுறை
குழாயிலிருந்து கல்லைத் தள்ளி எடுக்கிறோம்
புட்டுக் குழலிலிருந்து தள்ளுவதுபோல.
கை பொறுக்கும் சூடு. ஆவி இல்லை.

என் வேலை கோடு போடுவது.
சிவப்பு ஒன்று, ஒட்டினாற்போல் நீலம் ஒன்று.
எது மேல், எது கீழ் என்று
கல்லுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தப்பிவிடாமல்.
பிறகு பெட்டி எண், ஆழம், தேதி.

வெளியே வந்த சற்றைக்கெல்லாம் நிறம் இறங்கிவிடும்.
வரும்போது பாசிப்பயறு,
அடுக்கி முடிப்பதற்குள் பழம்புளி.
துரையா ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவாள்.
மறுபடி பயறு.
அப்புறம் குனிந்து
நாக்கை நீட்டி நக்கிப் பார்ப்பாள்.
முதல் நாள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
நிஸ்வாக்காரி, பாறைப் படிப்புப் படித்தவள்,
நாங்கள் நாலு பேர் பார்த்திருக்க
குச்சி ஐஸ்போல ஒரு மலையை.

ஒலிவின், என்றாள்.
பூமியின் ஓட்டுக்குக் கீழே முக்கால்வாசி இதுதானாம்,
உன் ஊருக்கடியிலும் உண்டு, எட்டாது.
இங்கே கடல் புரண்டு படுத்தபோது
அடிவயிறு மேலே வந்துவிட்டது.
(இருவருக்கும் பொது மொழி அரைகுறை இந்தி.
கடல் புரண்டது என் மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம்.)
மோதிரத்தில் ஏறினால் பேர் சபர்ஜத்,
உங்கள் கடைகளில் பெரிடாட்.

முந்தின ராத்திரிதான் வடிவு போனில் சொல்லியிருந்தாள்:
எனக்குப் புதன் நீசமாம்.
ஜோசியர் மரகதம் போடச் சொன்னாராம்.
இவள் விலையைக் கேட்டுவிட்டு வந்து நிற்க
அவரே பெரிடாட்டுக்கு இறங்கினாராம்.

எட்டு மாதமாக அதன்மேல்தான்
பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.

பெட்டி நூற்றுப் பதினேழு.
முந்நூற்று ஐம்பதாவது மீட்டரில்
கோடு விழாத ஒரு சில்லு
சட்டைப்பைக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை, ரூவி, மூன்றாவது கடை.
சேட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார்,
சாயா சொன்னார்,
சாயா வரும்வரை பார்த்தார்.
"நகக்கண் அழுக்கு அளவுகூட இல்லை ஒரு மணி.
பாதி எப்போதோ தண்ணீர் குடித்துப்
பாம்புத்தோல் ஆகிவிட்டது" என்றார்.
கறுப்பு வெல்வெட்டில் வேறொன்றை உருட்டினார்,
பாகிஸ்தான் கல்,
விளக்கடியில் எலுமிச்சை மிட்டாய்.
அழகுதான்.
ஆனால் அதில் கோடில்லை, ஆழமில்லை,
எது மேல் எது கீழ் என்று கேட்டேன்.
சேட்டு சாயாவுக்குக் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை
துரையா பெட்டியில் இருந்த இடைவெளியைத்
தடவிக்கொண்டிருந்தாள், விழுந்த பல்லின் இடத்தை
நாக்கு தடவுவதுபோல.
நானே எடுத்து நீட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
சில்லைத் திருப்பி, நான் பார்க்காத பக்கத்தில்
நூல் கனத்துக்கு ஓடிய வெள்ளையைக் காட்டினாள்.
இது காற்று, என்றாள்.
மழையோடு இறங்கிய காற்றை
பச்சை பிடித்து இறுக்கிக் கல்லாக்கிவிட்டது.
நம் மூச்சு, எந்திரத்தின் டீசல் புகை,
கிணறு கிணறாக எடுத்து எரிக்கும் அத்தனையும்
குடிக்கும் இந்த மலை, குடித்து வெளுக்கும்.
"எத்தனை நாளில்?"
அவள் சிரித்தாள். ஜமிருல் சோற்றுக்கு மணியடித்தான்.

எல்லோரும் போனபின் சில்லை வாயருகே வைத்து ஊதினேன்.
கண்ணாடியில் படிவதுபோல் ஈரம் படிந்தது.
ஒரு விநாடி, பயறு.
நக்கியும் பார்த்தேன், மறைப்பானேன்.
உப்பில்லை. இரும்பு வாசம், கொஞ்சம் மழை.

இடைவெளியில் வைத்து,
அங்கேயும் சிவப்பும் நீலமும் இழுத்தேன்.
நீலம் சற்றுக் கோணலாயிற்று.
வடிவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
புதன் காத்திருக்கட்டும்.
நூற்றுப் பதினெட்டு வருகிறது,
தண்ணீர் சொட்டச் சொட்ட.